மூட்டை முகத்தைத் திருப்பினால்

எங்கள் சந்துக்குள் ஆட்டோ நுழையாது. முனையில் இறங்கி முப்பது வாசலைத் தாண்டினால்தான் எங்கள் வீட்டு மாடிப்படி. பழைய வண்ணாரப்பேட்டையில் வாசல் என்றால் சும்மா வாசல் இல்லை. ஒவ்வொன்றிலும் ஒரு ஆள் குந்தியிருப்பார், ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு கேள்வி இருக்கும். 2024 நவம்பர் 16, சனிக்கிழமை சாயங்காலம், அந்த முப்பது கேள்விகளையும் தாண்டி நானும் பெரம்பூர்த் தோழியும் ஒரு பழைய பெட்ஷீட்டின் இரண்டு முனைகளையும் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனோம். உள்ளே பதினாலு கிலோ நாய். குரைக்கவில்லை, திமிறவில்லை. மூச்சு இருக்கிறதா என்று நடுவில் ஒருதடவை இறக்கிவைத்துப் பார்த்தோம்.

மீன் விற்கிற ஆயா தன் வாசலிலிருந்தே கேட்டது: "இன்னாம்மா அது, லாண்டரி மூட்டையா?"

"நாய் ஆயா."

ஆயா எழுந்து வந்து துணியை விலக்கிப் பார்த்தது. "நாயா? ஓரமா வெச்ச மூட்ட மாரி கீது."

அப்படித்தான் பெயர் வந்தது. என் பையன் செல்லில் தேடி நாலைந்து அழகான பெயர் எடுத்துவைத்திருந்தான். ஒன்றும் நிற்கவில்லை. மறுநாள் காலையில் பால் போடுகிறவரே "மூட்ட எப்டிக்கா கீது?" என்று கேட்டுவிட்டார்.

மூட்டை தெருநாய் இல்லை. தெருநாயாக இருந்திருந்தால் இவ்வளவு பயம் இருந்திருக்காது. தெருவில் வளர்கிற குட்டி சைக்கிள், குழந்தை, குடிகாரன், குப்பை வண்டி எல்லாவற்றையும் கண் திறந்த சில வாரத்திலேயே பார்த்துவிடுகிறது. மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டு, பதினாலாவது வாரம்வரை ஒரு குட்டி எதையெல்லாம் பார்க்கிறதோ அதுதான் அதற்கு உலகம். அதற்குப் பிறகு வருவதெல்லாம் சந்தேகக் கேஸ்தான். மூட்டை அந்த வாரங்களைக் கொருக்குப்பேட்டைப் பக்கம் ஒரு கோடவுனில், தகரக் கதவுக்குப் பின்னால், ஒரு கை நீளச் சங்கிலியில் கழித்தவள். காவலுக்கு என்று கட்டினார்களாம். இரண்டு வருஷம். கோடவுனைக் காலி செய்து போனவர்கள் சரக்கையெல்லாம் ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள், இவளைத் தவிர. குட்டியில் போட்ட பெல்ட்டை யாரும் தளர்த்தாததால் கழுத்துச் சதை அதன்மேல் வளர்ந்து மூடி, உள்ளே புழு வைத்திருந்தது.

போலீசுக்குப் போகலாமா என்று தோழியிடம் கேட்டேன். சிரித்தாள். பிராணிவதைத் தடுப்புச் சட்டம் 1960-ல் வந்தது. அளவுக்கு மீறிக் குட்டையான சங்கிலியில் நெடுநேரம் கட்டிவைப்பது அதன் 11-ஆவது பிரிவில் குற்றம்தான். முதல்தடவை என்றால் அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய். இன்றைக்கு பீச் ஸ்டேஷன் எதிரில் ஒரு பிளேட் அத்தோகூட, அந்த பர்மா நூடுல்ஸ்கூட, அந்தக் காசுக்கு வராது.

பெல்ட்டை வெட்டி எடுத்தது வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரியில். 1903-ல் தொடங்கிய கல்லூரி அது. எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக ஆடு, கோழி, பூனை என்று எதற்காவது ஒருதரம் போய் நின்ற இடம். ரத்தம் எடுத்துப் பார்த்ததில் உண்ணிக் காய்ச்சல். தட்டணுக்கள் அறுபதாயிரத்துக்கு இறங்கியிருந்தன. இரண்டு லட்சத்துக்கு மேல் இருக்கவேண்டியது. டாக்ஸிசைக்ளின் 28 நாள், ஒருநாளும் தவறாமல். வெறும் வயிற்றில் கூடாது, பாலோடும் தயிரோடும் கூடாது என்றார் டாக்டர். பாலில் இருக்கிற கால்சியம் மருந்தைப் பிடித்துக்கொள்ளுமாம். "தயிர்சாதத்துல வெச்சுக் குடுத்தா உள்ள போயிடும்" என்று கிளம்பும்போதே யோசனை சொல்லியிருந்த அம்மாவின் முகம் தொங்கிப்போனது. ரேபிஸ் ஊசியும் அன்றைக்கே போட்டாயிற்று.

இதெல்லாம் சுலபமான பகுதி. உடம்புக்குச் சீட்டு எழுதித்தர ஆள் இருக்கிறது.

முதல் மூன்று நாள் மூட்டை கட்டிலடியை விட்டு வரவில்லை. கண்ணெதிரே சாப்பிடவில்லை, தண்ணீர் குடிக்கவில்லை, முப்பது மணி நேரம் ஒண்ணுக்குப் போகவில்லை. ராத்திரி மூணு மணிக்குமேல் எல்லோரும் அசந்து தூங்கும்போது தட்டு நகர்கிற சத்தம் கேட்கும். காலையில் பார்த்தால் சாதம் அப்படியே இருக்கும், கோழி ஈரல் மட்டும் பொறுக்கி எடுத்திருக்கும். கட்டிலடியில் குனிந்து பார்த்தால் உடம்பைச் சுவரோடு அப்பிக்கொண்டு, கண்ணின் வெள்ளை பிறைபோலத் தெரிய, என்னைப் பார்க்காத திசையில் பார்த்துக்கொண்டிருப்பாள். அடிக்கடி கொட்டாவி விடுவாள். "பாவம், தூக்கம் வருது அதுக்கு" என்றாள் அம்மா. நானும் நம்பினேன்.

சந்தே வைத்தியம் சொன்னது. மடியில் தூக்கிவைத்துக் கொஞ்சினால் பயம் விட்டுப்போகும் என்றார் ஒருவர். பட்டினி போட்டால் தானே கைக்கு வரும் என்றார் இன்னொருவர். ஆயாதான் உருப்படியாகப் பேசியது: "பயந்த கொயந்தைய இன்னா பண்ணுவோம்? சாயங்காலம் பள்ளிவாசல்ல நின்னு ஊதிக்கினு வருவோம். ஒரு சொம்பு தண்ணி மந்திரிச்சுத் தெளிப்போம். இதுவும் கொயந்ததானே." எனக்கு மந்திரத்தில் நம்பிக்கை இல்லை. ஆனால் பயத்தை ஒரு சீக்காகவே எடுத்துக்கொண்டு அதற்கென்று ஒரு நேரம், ஒரு வாசல், ஒரு சொம்பு ஒதுக்கிவைத்திருக்கிற ஊரில் பிறந்ததில் கொஞ்சம் பெருமை உண்டு. மற்றவர்களெல்லாம் நாயைத் திருத்தத்தான் வழி சொன்னார்கள்.

ஒன்பதாவது நாள், ஞாயிற்றுக்கிழமை, நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். புண்ணுக்கு மருந்து போடும் நேரம். தோழி வரத் தாமதம். நானே செய்துவிடலாம் என்று கட்டிலடியில் கையை நீட்டி, "வாடா கண்ணு, வாடா செல்லம்" என்று குரலைக் குழைத்துக்கொண்டே பின்னங்காலைப் பிடித்து இழுத்தேன். மூட்டை நாக்கால் மூக்கைத் தடவினாள். கொட்டாவி விட்டாள். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். பிறகு கல்லாகிப்போனாள். அவளுக்குத் தெரிந்த மொழியில் நாலுதடவை "வேணாம்" என்று சொல்லியாகிவிட்டது. எனக்கு அந்த மொழி தெரியாது. ஐந்தாவது தடவை பல்லால் சொன்னாள்.

கட்டைவிரலுக்குக் கீழே இரண்டு ஓட்டை. குழாயைத் திறந்து சோப்புப் போட்டுக் கால்மணி நேரம் கழுவினேன். அம்மா மஞ்சள்தூளும் மிளகாய்த்தூளும் எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். அடுக்களைக்கே திருப்பி அனுப்பினேன். பிறகு நடந்தே ஸ்டான்லி ஆஸ்பத்திரி. தொப்புளைச் சுற்றி ஊசி போட்ட காலம் போய்விட்டது என்பது அம்மாவுக்கு ஆறுதல், கொஞ்சம் ஏமாற்றமும்கூட. இப்போது தோலில் சின்னச் சின்னதாக, கடிபட்ட நாள், பிறகு 3, 7, 28-ஆவது நாட்கள். ஆனால் ரத்தம் வந்த கடி என்பதால் காயத்துக்குள்ளேயே இம்யூனோகுளோபுலின் என்கிற எதிர்ப்பு மருந்தையும் ஏற்றினார்கள். அதைப்பற்றி எழுத விரும்பவில்லை. கடித்தது வலிக்கவே இல்லை என்று அப்போதுதான் புரிந்தது.

"கடிச்ச நாய பத்து நாள் பாக்கணும்" என்றார் ஊசி போட்ட நர்ஸ். நாய் நல்லபடியாக இருந்தால் கடித்த அன்று அதன் எச்சிலில் கிருமி இல்லை என்று கணக்கு. அம்மா தினசரி காலண்டரில் டிசம்பர் 4-ஆம் தேதித் தாளின் ஓரத்தை மடித்துவைத்தாள்.

அன்று ராத்திரி தோழி வந்து என் கையைப் பார்த்தாள். ஒரு வார்த்தை "ஐயோ" இல்லை. "அவ எத்தினி வாட்டி சொன்னா?" என்றாள்.

அவள் சொன்ன பாடம் மொத்தமே நாலு வரி. கிட்டப் போகாதே. நேருக்கு நேர் பார்க்காதே. குனிந்து மேலே கவியாதே. மூட்டை முகத்தைத் திருப்பினால் "போ" என்று அர்த்தம். உடனே ஒரு அடி பின்னால் போ.

"போனா?"

"போனா, அவ சொன்னா நடக்குதுன்னு அவளுக்குத் தெரியும். அது போதும்."

அப்போது எனக்கு இது விளையாட்டாகத்தான் பட்டது. கஸ்டம்ஸ் கிளியரிங் ஆபீசில் இருபது வருஷமாக வேலை பார்க்கிறேன். எதற்கும் ஒரு ஃபார்ம், ஒரு முத்திரை, ஒரு வரிசை இருக்கவேண்டும் எனக்கு. தூக்கம் வராமல் ஊசிக் கையைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு செல்லில் படித்துக்கொண்டே போனேன். 1967-ல் பென்சில்வேனியாவில் செலிக்மன், மேயர் என்று இரண்டு பேர் நாய்களை வைத்துச் செய்த சோதனை கண்ணில் பட்டது. கொடுமையான சோதனை. சில நாய்களுக்கு ஷாக் வரும், தலையால் ஒரு பலகையைத் தள்ளினால் நிற்கும். வேறு சில நாய்களுக்கு அதே அளவு ஷாக், ஆனால் என்ன செய்தாலும் நிற்காது. பிறகு ஒரு சின்னத் தடுப்பைத் தாண்டினால் தப்பிக்கலாம் என்கிற பெட்டியில் விட்டார்கள். முதல் கூட்டம் தாண்டிப் போய்விட்டது. இரண்டாவது கூட்டத்தில் பெரும்பாலானவை படுத்துக்கொண்டன. தப்ப வழி திறந்தே இருந்தது. படுத்துக்கொண்டு முனகின.

எதுவும் நம் கையில் இல்லை என்பதை அந்த நாய்கள் கற்றுக்கொண்டுவிட்டன என்று அன்று எழுதினார்கள். உலகமே அதைப் பாடமாகப் படித்தது. கிட்டத்தட்ட ஐம்பது வருஷம் கழித்து, 2016-ல், அதே இரண்டு பேரும் அதைத் திருப்பிப்போட்டார்கள். படுத்துக்கொள்வது கற்றுக்கொண்டது இல்லையாம். வலி விடாமல் தொடர்ந்தால் மூளை தானாகவே போய் உட்கார்கிற இடம் அதுவாம். கற்றுக்கொள்ள வேண்டியிருப்பது மற்றதைத்தான், நாம் ஒன்று செய்தால் ஒன்று மாறும் என்பதை. அது தெரிந்த பிறகுதான் மூளையின் மேல்பகுதி கீழ்ப்பகுதியை அடக்கிவைக்கிறதாம்.

எழுந்து உட்கார்ந்தேன். தோழி இதைப் படித்திருக்க மாட்டாள். பெரம்பூர் லோகோ பக்கம் ஐம்பது நாயைப் பார்த்துத் தெரிந்துகொண்டது.

மறுநாளிலிருந்து என் வேலை பின்வாங்குவது. ஹாலில் கட்டிலுக்கு ஆறடி தள்ளி, அவளுக்குப் பக்கவாட்டில், சுவரைப் பார்த்து உட்காருவேன். ஆபீஸ் பேப்பரைப் புரட்டுவேன். ஈரல் துண்டு ஒன்றைப் பார்க்காமலே அந்தப் பக்கம் தூக்கிப்போடுவேன். அவள் மூக்கை நக்கினால், முகத்தைத் திருப்பினால், எழுந்து ஒரு அடி தள்ளி உட்காருவேன். கேட்க லேசாக இருக்கிறது, செய்து பாருங்கள். அன்பு காட்டத்தான் நமக்குப் பழக்கம். காட்டாமல் இருப்பதற்குக் கை அரிக்கும். மூன்றாம் நாள் ஒன்றைக் கவனித்தேன். முகத்தைத் திருப்பினாள், நான் நகர்ந்தேன். உடனே திரும்பி என்னைப் பார்த்தாள். மறுபடி திருப்பினாள். மறுபடி நகர்ந்தேன். மறுபடி பார்த்தாள். சோதித்துப் பார்க்கிறாள்! சுவிட்சைப் போட்டு அணைத்துப் போட்டு அணைத்து, விளக்கு நிஜமாகவே எரிகிறதா என்று பார்க்கும் குழந்தை மாதிரி. அன்றைக்கு அவள் என்னை வாசல்படிவரை தள்ளிக்கொண்டு போய்விட்டாள்.

அம்மா அடுக்களையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "நாய் சொல்லி நீ எழுந்திரிக்கிற" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, வெங்காயம் உரித்துக்கொண்டே, "எங்க மாமியா வீட்ல நான் வேணாம்னு சொல்லி ஒருத்தரும் நிறுத்தினதில்ல" என்றாள். அதற்குமேல் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

நவம்பர் 30. ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது என்னவோ புதுச்சேரிப் பக்கம்தான், ஆனால் சென்னையில் பகலெல்லாம் மழை கொட்டிற்று. விமான நிலையத்தை மூடினார்கள். எங்கள் சந்தில் முழங்கால் தண்ணீர். சாயங்காலம் கரண்ட் போயிற்று. பக்கத்து வீட்டு மாடியில் ஒரு தகரம் பிய்த்துக்கொண்டு அடித்துக்கொண்டே இருந்தது. தகரம்! கோடவுனில் இரண்டு வருஷம் அவள் கேட்ட சத்தம். கட்டிலடியில் மூட்டை நடுங்குவது தரை வழியாக எனக்குத் தெரிந்தது. அவளைத் தூக்கி அணைத்துக்கொள்ளவேண்டும் என்று உடம்பெல்லாம் துடித்தது. செய்யவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் பாயை விரித்து, அவளுக்கு முதுகு காட்டிப் படுத்தேன். தலைமாட்டில் மெழுகுவத்தி. அவ்வளவுதான்.

ராத்திரி ஒன்றரை, இரண்டு இருக்கும். என் இடது உள்ளங்காலில் ஈரமாக, குளிர்ச்சியாக ஏதோ பட்டது. மழைத்தண்ணீர் உள்ளே வந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு சூடான காற்று. மறுபடி ஈரம். குதிகாலிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு விரலாக முகர்ந்துகொண்டு போனாள். சுண்டுவிரலில் நின்றாள். எனக்குக் கூச்சம், சிரிப்பு, அழுகை எல்லாம் ஒன்றாக வந்தது. அசையவில்லை. கொசு கடித்தது, அடிக்கவில்லை. கடைசியில் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுத் தாடையை என் கணுக்கால்மேல் வைத்தாள். அந்தக் கனம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. ஒரு ஆழாக்கு அரிசி அளவு இருக்குமா? அதற்குமேல் இருக்காது. விடியும்வரை அந்தக் காலை மடக்கவில்லை. காலையில் இறங்கி நடந்தபோது மரத்துப்போய் விந்தி விந்திப் போனேன்.

அன்றைக்குத்தான் மூன்றாவது ஊசி. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தண்ணீரில் நடந்து போய்ப் போட்டுக்கொண்டு வந்தேன். திரும்பிவந்து செருப்பைக் கழற்றும்போது அம்மா கேட்டாள்: "அவ எதனா சாப்ட்டாளா பாரு."

அதுவரை "அது". அன்றிலிருந்து "அவ". டிசம்பர் 4-ஆம் தேதித் தாளின் மடிப்பை யார் எப்போது நீவிவிட்டார்கள் என்று தெரியவில்லை.

இனி எல்லாம் நேராகப் போகும் என்று நினைத்தேன். நினைப்புதான் பொழப்பைக் கெடுக்கும்.

வட சென்னையில் பயந்த நாயை வளர்ப்பது, மீன் மார்க்கெட்டில் உட்கார்ந்து வீணை கற்றுக்கொள்வது மாதிரி. ராத்திரி முழுக்க கன்டெய்னர் லாரி. கொருக்குப்பேட்டை யார்டில் வேகன்கள் மோதிக்கொள்ளும் சத்தம். நமக்கே கேட்கிறது என்றால், 20,000 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும் நம் காதைத் தாண்டி 45,000 வரைக்கும் கேட்கிற அவளுக்கு எப்படி இருந்திருக்கும்? அந்த நவம்பரில்தான் செரியன் நகர் காசிமா அமெரிக்காவில் கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிவந்திருந்தார். பெண்ணுக்கு மாலை, ஊர்வலம். அதோடு எங்கள் சந்திலும் பரணில் கிடந்த போர்டெல்லாம் தூசி தட்டி வெளியே வந்துவிட்டது. எங்கள் மாடிப்படிக்கு நேர் கீழே ஒன்று. ஸ்ட்ரைக்கர் கட்டையில் மோதுகிற ஒவ்வொரு "டக்"குக்கும் மூட்டை தூக்கிவாரிப்போட்டுக் கட்டிலடிக்கு ஓடுவாள்.

பையன்களிடம் போய் நின்றேன். சண்டைக்கு வந்திருக்கிறேன் என்று நினைத்து எல்லோரும் எழுந்துகொண்டார்கள். "ஆட்டத்த நிறுத்தச் சொல்லல தம்பி. ஒரு வாரம் முனைக்குப் போங்க. அப்புறம் நாலு வாசல் நாலு வாசலா கிட்ட வாங்க" என்றேன். ஒருத்தனுக்கும் புரியவில்லை. மாடிக்கு அழைத்துப்போய்க் காட்டினேன். தூரத்தில் லேசாக "டக்" கேட்கும்போது ஒரு ஈரல் துண்டு. "டக்", ஈரல். "டக்", ஈரல். சத்தம் வந்தால் நல்லது வருகிறது என்று அவளுக்குத் தோன்றவேண்டும். சத்தம் முதலில், ஈரல் பிறகு, முன்னே பின்னே மாறக்கூடாது. கூட்டத்தில் நோஞ்சானாக இருந்த ஒருத்தன், பத்தாங்கிளாஸ் பெயிலானவன், கண்ணை விரித்துக்கொண்டு கேட்டான்: "அப்ப இது பயத்துக்குக் கோச்சிங்காக்கா?" அவன்தான் அப்புறம் போர்டை நகர்த்துகிற பொறுப்பை எடுத்துக்கொண்டான். தரையில் சாக்பீஸால் கோடு போட்டு, தினமும் எத்தனை அடி என்று எழுதிவைத்தான். பொங்கலுக்கு முன்னால் போர்டு பழைய இடத்துக்கு வந்துவிட்டது. "டக்" கேட்டால் மூட்டை அடுக்களையைத் திரும்பிப் பார்ப்பாள்.

போகி எல்லாவற்றையும் கெடுத்தது. விடிகாலை நாலு மணிக்கு சந்துப் பிள்ளைகள் அத்தனை பேர் கழுத்திலும் போகி மேளம். எத்தனை பேரிடம் போய் நிற்பது? குழந்தைகளுக்கு வருஷத்தில் ஒருநாள். எல்லா ஜன்னலையும் சாத்தி, ஃபேனைச் சுழலவிட்டு, டிவியை வைத்து, பாத்ரூமில் அவளோடு உட்கார்ந்திருந்தேன். இரண்டு நாள் சாப்பிடவில்லை. ஐந்து நாள் என்னைப் பார்த்தே ஒதுங்கினாள். ஈரலைக் கண்டாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மறுபடி ஆறடியிலிருந்து ஆரம்பித்தேன். இந்தமுறை ஆறடி ஒரு வாரத்தில் குறைந்தது. அதுதான் வித்தியாசம். பயம் போகவில்லை, திரும்பிவருகிற வழி தெரிந்திருக்கிறது.

கருத்தடை ஆபரேஷன் பிப்ரவரியில். நல்லபடியாக முடிந்தது, அதில் சொல்ல ஒன்றுமில்லை. கழுத்துப் புண் ஆறிய இடத்தில் முடி முளைக்காமல் ஒரு மோதிரம் மாதிரி நின்றுவிட்டது. பெல்ட்டே போடவில்லை. மாரைச் சுற்றிப் போடுகிற ஹார்னெஸ்தான், அதில் இரண்டு கயிறு, ஒன்று என் கையில், ஒன்று என் இடுப்பில். பயந்த நாய் கையிலிருந்து நழுவினால் திரும்பிப் பார்க்காமல் ஓடும், பேசின் பிரிட்ஜ் தண்டவாளம்வரை ஓடும் என்று தோழி பயமுறுத்தியிருந்தாள். ராத்திரி பதினொன்றுக்குமேல் மொட்டை மாடி, பிறகு மாடிப்படி, பிறகு நாலு வாசல்.

மார்ச்சில் பின்சந்துப் பெயிண்டரின் அப்பா இறந்துபோனார். எங்கள் பக்கம் சாவு என்றால் தெரியுமே. மேளம், கானா, பூ, வழிநெடுகப் பட்டாசு. மனுஷனை அனுப்புகிற விதம் அது, நான் குறை சொல்லமாட்டேன். என் அப்பாவையும் அப்படித்தான் அனுப்பினோம். ஆனால் பாடை எங்கள் வாசல் வழியாகத்தான் போயாகவேண்டும். மத்தியானம் மூணு மணிக்குப் படியேறி அந்த நோஞ்சான் பையன் வந்தான். நெற்றியில் வியர்வை, கையில் மேளக் குச்சி. "அக்கா, இன்னும் பத்து நிமிசத்துல எடுக்குறோம். மூட்டைய உள்ள வெச்சுக்க. ஈரல் கீதா?"

இருந்தது. ஜன்னலைச் சாத்தாமல் ஒருக்களித்துவைத்தேன். மேளம் தூரத்திலிருந்து வந்தது. மூட்டை எழுந்து நின்றாள், வால் உள்ளே போயிற்று. மேளம் நெருங்கியது. எங்கள் வாசலுக்கு வந்ததும் பட்டாசுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். வரவில்லை. எட்டிப் பார்த்தேன். பட்டாசுச் சரத்தைக் கையில் சுருட்டிவைத்துக்கொண்டு ஒருத்தன் பத்தவைக்காமலே நடந்து போய்க்கொண்டிருந்தான். மேளக்காரர்கள்கூட முப்பது அடிக்குக் கையை அடக்கித்தான் வாசித்தார்கள். முனை திரும்பினபிறகுதான் முதல் வெடி. செத்தவர் வீட்டுக்காரர்களிடம் யார் போய்ப் பேசினார்கள், எப்படிச் சம்மதித்தார்கள் என்று நான் விசாரிக்கவில்லை. மறுநாள் அந்த வீட்டுக்குப் பால் தெளிக்கப் போனபோதும் வாயைத் திறக்கவில்லை. எங்கே தொடங்குவது?

தெருநாய் என்று பேச்செடுத்தாலே இன்றைக்கு அடிதடி. கடிபட்டவர்கள் பக்கமும் நியாயம் உண்டு, எனக்கும் கையில் இரண்டு தழும்பு இருக்கிறது. ஆனால் எங்கள் சந்தில் நாயைக் கண்டாலே கல்லெடுக்கிற இரண்டு பேர்கூட, மூட்டை நடக்கிற ராத்திரி நேரத்தில் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்பார்கள். "முவத்தப் பாக்கக்கூடாதாம்" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். முப்பது வாசல் ஜனம் ஒரு நாய்க்குப் பார்க்காமல் இருப்பதைக் கற்றுக்கொண்டது பெரிய விஷயம். வட சென்னையில் பார்க்காமல் இருப்பது அவ்வளவு சுலபமில்லை.

ஃபாஸ்டர், அதாவது தேறும்வரை வைத்திருந்துவிட்டு வேறு வீட்டுக்குக் கொடுப்பது என்கிற வார்த்தையை ஆயாவுக்கு விளக்க என்னால் கடைசிவரை முடியவில்லை. "வளத்துட்டு குட்த்துடுவியா? அப்ப இன்னாத்துக்கு வளக்கணும்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தது. நம்மிடம் அதற்கு ஒரு சொல் இல்லை. வளர்ப்பு என்றால் கடைசிவரை. "ஆஸ்பத்திரி மாதிரி ஆயா, சரியானா வீட்டுக்கு அனுப்பணும்" என்றேன். "ஆஸ்பத்திரில யாரும் பேர் வெக்க மாட்டாங்கம்மா" என்றது. பதில் சொல்லாமல் மீனை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அனுப்பவேண்டிய காரணம் சத்தம்தான். கேரம் பழகும், லாரிகூடப் பழகும். ஆனால் வருஷாவருஷம் தீபாவளி, போகி, திருவிழா, மேளம் என்று அவளை ஒவ்வொருதடவையும் கட்டிலடியிலிருந்து தொடங்கவைப்பது நியாயமாகப் படவில்லை. மீஞ்சூர் தாண்டி ஒரு தம்பதி. அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ரிட்டயர் ஆனவர். மதில் சுவர், வேப்பமரம், பிள்ளைகள் வெளியூரில். முதல்தடவை வந்தபோது அவர் செய்தது எனக்குப் பிடித்தது. வந்தார், சுவரைப் பார்த்து உட்கார்ந்தார், பேப்பர் படித்தார், ஒரு மணி நேரத்தில் எழுந்து போய்விட்டார். நாய் எங்கே என்றுகூடக் கேட்கவில்லை. மூன்றாவது தடவை வந்தபோது மூட்டை அவர் செருப்பை முகர்ந்தாள். ஏப்ரல் கடைசி ஞாயிறு அவள் கிளம்பினாள். துவைக்காத பழைய பெட்ஷீட்டையும் கூடவே கொடுத்தனுப்பினோம். முப்பது வாசலையும் தன் காலாலேயே நடந்து கடந்தாள், வாலை இறக்கிக்கொண்டு, ஆனால் நடந்து. யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் அழுததைப் பையன் சொல்லித்தான் தெரியும். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூனில் ஒருநாள் மீஞ்சூர் லோக்கல் பிடித்துப் போனேன். கையில் வேகவைத்த ஈரல் டப்பா. அம்மா கொடுத்தனுப்பியது, உப்பில்லாமல். கேட்டைத் திறந்ததும் வேப்பமரத்தடியிலிருந்து எழுந்து வந்தாள். சதை போட்டிருந்தாள். என் கையை முகர்ந்தாள், புடவையை முகர்ந்தாள், குனிந்து இடது காலை முகர்ந்தாள். வால் இரண்டுதரம் ஆடியது. ஐந்து மாதப் பாடமெல்லாம் எங்கே போயிற்றோ, "என் கண்ணு" என்று இரண்டு கையையும் விரித்துக்கொண்டு அப்படியே குனிந்துவிட்டேன்.

மூட்டை நாக்கால் மூக்கைத் தடவினாள். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

நான் ஒரு அடி பின்னால் போனேன்.

"காபியா டீயாம்மா?" என்று உள்ளேயிருந்து அவர் மனைவி கேட்டார்.